தகர வட்டின் துளை

லோகநாதன் விழுந்து கிடந்த இடத்தில் ஒரு தகர வட்டும் கிடந்தது. உள்ளங்கை அகலம். நடுவில் சிறு துளை போட்டிருந்தார்களாம். இப்போது பாதி வட்டுதான் மிச்சம்.

இன்ஸ்பெக்டர் ஆதிநாராயணன் அதைக் கைக்குட்டையால் எடுத்தார். 1972 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே கால். கவரைப்பேட்டைக்கு வடக்கே ஒரு கம்பி ஆலையின் பின்புறத்து மைதானம். முந்தின நாள் பெய்த மழை இன்னும் பள்ளங்களில் நின்றது.

முந்தின வருடப் பாகிஸ்தான் போர் முடிந்த பிறகு இந்தப் பக்கத்து ஆலைகள் துப்பாக்கிக் காவலர்களை வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தன. இங்கே ஆறு பேர் பயிற்சியில் இருந்தார்கள். எல்லாரும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகள். கற்றுக்கொடுக்க வந்தவர் வீரராகவன். பட்டாளத்தில் பதினைந்து வருட சேவை. மார்பில் இரண்டு பதக்கம்.

பயிற்சி சுலபமானது. ஒருவன் துப்பாக்கியில் டம்மி தோட்டாவைப் போட்டுக் குறி வைப்பான். எதிரே மற்றவன் வட்டைக் கண்ணருகே பிடித்து, துளை வழியாகக் குழலைப் பார்ப்பான். விசையை அழுத்தும்போது குழல் ஆடுகிறதா என்று அவன் சொல்ல வேண்டும்.

வட்டைப் பிடித்தவன் லோகநாதன். விசையை அழுத்தியவன் ராஜமாணிக்கம். டம்மி வெடிக்காது. வெடித்தது.

"ரெண்டு பேருக்கும் ஆகாது சார்," என்றார் வீரராகவன். "போன வாரம்தான் கட்டிப் புரண்டாங்க. ஏரியில யார் எந்தப் பாட்டுல, அதான் மீன் பிடிக்கிற முறை எடத்துல, வலை போடுறதுன்னு அவங்க குப்பங்களுக்குள்ள சண்டை."

"டம்மி யார் செஞ்சது?"

"ராஜமாணிக்கம்தான். கைவேலை தெரிஞ்சவன்."

அந்தப் பதிலே போதும் என்பதுபோல் கூடி நின்றவர்கள் தலையசைத்தார்கள்.

காலை ஒன்பதரை. ஆலை அலுவலக அறை. ராஜமாணிக்கம் தரையில் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது. சட்டையில் ரத்தம். லோகநாதனை மடியில் தூக்கி வைத்திருந்தவன் அவன்தான்.

"டம்மி எப்படிச் செய்வே?"

"சுட்டுப் போட்ட காலித் தோட்டா சார். உள்ள மண்ணு ரொப்பி, வலைக்குக் கட்ற ஈயக் குண்டு ரெண்டு போட்டு, வாயை மெழுகால மூடிடுவேன்."

"ஈயம் எதுக்கு?"

"கனம் நெசத் தோட்டா மாரியே இருக்கணும்னு வாத்தியார் சொன்னாரு."

"நிஜத் தோட்டாவுக்கும் மெழுகு உண்டா?"

"ஈரக் காத்துல ஊறிப் பூடும் சார். எல்லாத்துக்குமே மெழுகுதான்."

"நேத்து என்ன நடந்தது?"

"கேட்டுக்காரரு தோட்டா மழையில நனைஞ்சி பூடுச்சி. வாத்தியார் காய வைக்கச் சொன்னாரு. நான் கோணியில பரப்பினேன், கருவாடு காயப் போடுறாப்ல. டம்மியும் ஈரமா இருந்திச்சி. அதையும் பக்கத்துல பரப்பினேன். திடீர்னு தூறல். ஆளாளுக்கு வாரிக்கினு ஓடினோம்."

"இன்னிக்கு உன் துப்பாக்கியில தோட்டா போட்டது யாரு?"

"நான்தான். வாத்தியார் டம்மி டப்பாவுல இருந்து எடுத்துக் குட்த்தாரு, வாங்கிப் போட்டேன்."

"நடுவுல மாத்தலையே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னா சார் நீங்க! அவன் எம்மேல மண்ணை வாரிக் கொட்டினான், நான் அவன் வலையை அறுத்தேன். அதோட தீந்துச்சி. நேத்து ராத்திரி என் தட்டுல இருந்த மீனைப் புடுங்கித் துன்னான் சார் அவன். அவனைப் போயி..."

அடுத்து வீரராகவன். நிமிர்ந்த முதுகு, முறுக்கிய மீசை. கான்டீனிலிருந்து தேநீர் வந்தது. பையன் தட்டை மேசையில் வைப்பதற்குள் வீரராகவன் அதை வாங்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் இடப்பக்கம் வந்து, கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார். பிடி வலது கைக்கு எட்டும்படி திருப்பியிருந்தது.

"டம்மியைச் சோதிச்சுக் கொடுத்தீங்களா?"

"சோதிக்காமலா? நேத்து நனைஞ்சதால இன்னிக்கு டப்பாவுல ஒண்ணொண்ணா பார்த்தேன். எல்லாம் அடிப்பக்கம் பள்ளம் விழுந்து, கறுத்துப் போயிருந்தது. அந்த மாதிரி சாமானை ஒரு ராணுவத்தான் கொடுப்பானா? எல்லாத்தையும் ஒதுக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு வழவழன்னு நல்லா இருந்தது. அதைத்தான் கொடுத்தேன்."

ஆதிநாராயணன் அதை எழுதிக்கொண்டார்.

"வட்டை யார் பிடிக்கிறது வழக்கம்?"

"பசங்கதான். மாத்தி மாத்திப் பிடிப்பாங்க."

"நீங்க பிடிச்சதில்லையா?"

"எனக்குக் கண்ணு கூசும் சார்."

பதினொரு மணிக்கு ஆதிநாராயணன் வாசல் காவலுக்குப் போனார். நாற்பது வயது ஜோசப் துப்பாக்கியை அணைத்தபடி முக்காலியில் இருந்தார்.

"உங்க தோட்டாவைக் காட்டுங்க."

"இந்தாங்க சார். நேத்து சாயங்காலம் காய வச்சுக் குடுத்தாங்க. ரெண்டே ரெண்டு. திருடன் மூணு பேரா வந்தா நான் ஓட வேண்டியதுதான்."

இரண்டும் ஒரே கனம். ஒரே மெழுகு வாய். ஆதிநாராயணன் இரண்டையும் திருப்பினார். ஒன்றின் பித்தளை அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தது. மற்றதன் நடுவில் சிறு பள்ளம்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றார் ஜோசப்.

ஆதிநாராயணன் வழவழப்பானதைத் திருப்பிக் கொடுத்தார். பள்ளம் விழுந்ததைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு பெண் தூக்குச்சட்டியோடு நின்றாள். ராஜமாணிக்கத்தின் மனைவி பச்சையம்மா. ஏழு மாத வயிறு.

"சார், எங்க ஊட்டுக்காரரு நாஷ்டா துன்னலை. இதைக் குடுக்கலாமா?"

"கொடுக்கச் சொல்றேன்மா."

"அவரைத் தூக்குல போட்ருவாங்கன்னு சொல்லிக்கினு கீறாங்க சார், கேட்டாண்ட."

"விசாரணை முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"இன்னிக்கே."

அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாலை நான்கு மணிக்கு டி.எஸ்.பி. வந்தார். சுற்றியுள்ள நான்கு ஆலைகளுக்கும் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். வந்ததும், "ராஜமாணிக்கம் ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டார்.

"ஒத்துக்கொள்ள அவன் ஒண்ணும் செய்யலை சார்."

வீரராகவன் சுவரோரம் விறைப்பாக நின்றார். ஆதிநாராயணன் மூலையில் சாய்த்திருந்த துப்பாக்கியை எடுத்து அவரிடம் நீட்டினார். வீரராகவன் இரு கையாலும் வாங்கி, மார்புக்குக் குறுக்கே பிடித்து, குதிகாலைச் சேர்த்தார். பார்க்க அழகாக இருந்தது.

"என்ன பார்த்தீங்க சார்?" என்று டி.எஸ்.பி.யைக் கேட்டார் ஆதிநாராயணன்.

"மிடுக்கா வாங்கினார். வேறென்ன?"

"வாங்கினார். திறந்து பார்க்கலை. துப்பாக்கி பழகினவன், கொடுக்கறது பெத்த அப்பனா இருந்தாலும், முதல்ல குழலை மடிச்சு உள்ளே தோட்டா இருக்கான்னு பார்ப்பான். யோசிச்சுச் செய்யறதில்லை, கை தானா போகும். இவர் கை போகலை."

"இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"இல்லை. சாட்சி இவரே காலையில சொன்னது." ஆதிநாராயணன் பையிலிருந்த தோட்டாவை மேசையில் வைத்தார். "டம்மி எல்லாமே சுட்ட காலித் தோட்டாவிலே செஞ்சது. சுட்ட தோட்டாவோட அடிப்பக்கத்துக் கேப்பில துப்பாக்கி ஊசி குத்தின பள்ளம் இருந்தே தீரும். இது ஜோசப் பையில இருந்த டம்மி. நேத்து தூறலில அள்ளும்போது ஒரு டம்மி வாசலுக்குப் போச்சு, ஒரு நிஜத் தோட்டா டப்பாவுக்கு வந்தது. டப்பாவிலே பள்ளம் இல்லாதது ஒண்ணே ஒண்ணு. பள்ளம் விழுந்ததையெல்லாம் கெட்டுப்போனதுன்னு ஒதுக்கிட்டு, வழவழன்னு இருந்ததை இவரே தேடி எடுத்தார். காலையில அதைப் பெருமையாச் சொன்னார். நானும் எழுதிக்கிட்டேன், புரியலை. ஜோசப் கையில இருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைச்சது."

ஆதிநாராயணன் தோட்டாவை டி.எஸ்.பி.யின் பக்கம் நகர்த்தினார்.

"ராஜமாணிக்கம் எதையும் மாத்த வேண்டிய அவசியமே இல்லை சார். அவன் கைக்கு வந்ததே நிஜத் தோட்டா. லோகநாதனைக் கொன்னது இவர்."

"இவர் சர்டிபிகேட் அசல். நானே பார்த்தேன்."

"அசல்தான். பதினைந்து வருஷமும் அசல். என்ன வேலையில பதினைந்து வருஷம்?" ஆதிநாராயணன் திரும்பினார். "தேநீர் வைக்கிற கை எனக்குத் தெரியும் வீரராகவன். சொல்லுங்க."

வீரராகவனின் முதுகு மெல்ல வளைந்தது. "ஆபீசர் மெஸ்ஸுல சார். பரிமாறுறவன்." குரல் வேறாகியிருந்தது. "எந்த வேலைன்னு யாரும் கேக்கலை. நிமிர்ந்து நில்லுன்னாங்க, நின்னேன். சத்தமா உத்தரவு போடச் சொன்னாங்க, போட்டேன். சண்டையைப் பத்திச் சொல்லச் சொன்னாங்க. ஆபீசருங்க சாப்பிடும்போது பேசினதைச் சொன்னேன். வட்டுப் பயிற்சியை தூரத்துல இருந்து பார்த்ததுதான்."

"அங்கே வட்டைப் பிடிச்சது யாரு?"

"வாத்தியாருதான் சார். அவரே தோட்டாவைச் சோதிச்சிட்டு, அவரே பிடிப்பாரு."

"நீங்க ஏன் பிடிக்கலை?"

வீரராகவன் கையிலிருந்த துப்பாக்கியைக் குனிந்து பார்த்தார். "பயமா இருந்தது."

டி.எஸ்.பி. எழுந்து கதவைச் சாத்தினார். வீரராகவனை வெளியே போகச் சொல்லவில்லை. அவர் அங்கே இல்லாததுபோலவே பேசினார்.

"இந்த ஆள்கிட்ட நாலு ஆலையிலயும் இருநூறு பேர் கத்துக்கிட்டிருக்காங்க. அவங்க எல்லாம் இப்ப கேட்டுல நிக்கிறாங்க, தோட்டாவோட. இவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதினா, அந்த இருநூறு பேரையும் என்ன செய்யறது?"

"திரும்பக் கத்துக்கொடுக்கணும் சார்."

"யாரு? இன்னொருத்தரைத் தேர்ந்தெடுக்கறதும் அதே குழுதான்." அவர் சிரிக்கவில்லை. "ரிப்போர்ட்டுல பயிற்சியாளர் பேர் வர வேண்டாம்."

"அவர் பேர் வரலைன்னா, நிஜத் தோட்டாவை ராஜமாணிக்கமே மாத்திப் போட்டதா ஆகும். அது கொலையாயிடும் சார்."

"அதைக் கோர்ட்டு பார்த்துக்கும். நாளையிலேருந்து இந்தக் கேஸை வேறொருத்தர் பார்ப்பார். இவர் காலையில சொன்னதை எழுதின தாளை என்கிட்ட கொடுங்க."

ஆதிநாராயணன் கொடுத்தார். கொடுக்காமல் இருக்கலாம் என்று தோன்றியபோது தாள் ஏற்கனவே டி.எஸ்.பி.யின் பைக்குள் போயிருந்தது.

டி.எஸ்.பி. வீரராகவன் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கினார். எடை பார்ப்பதுபோல் தூக்கினார். ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடி, விசையில் விரலை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மீதிப் பயிற்சிப் பிள்ளைகள் நான்கு பேர் மதில் ஓரம் குந்தியிருந்தார்கள்.

"நல்ல துப்பாக்கி," என்றார்.

அவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

ஆதிநாராயணன் நடந்து போய்க் குழலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்றார். டி.எஸ்.பி. துப்பாக்கியை இறக்கி மேசையில் வைத்தார்.

மாலை ஐந்தரை. புளியமரத்தடியில் பச்சையம்மா எழுந்து நின்றாள். காலித் தூக்குச்சட்டி கையில் இருந்தது.

"சார், யாரு செஞ்சதுன்னு கண்டுபுட்ச்சிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டேன்மா."

"எங்க ஊட்டுக்காரரு இல்லியே?"

"இல்லை."

அவள் முகம் மலர்ந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும் சார். மவராசனா இருப்பீங்க. நான் ஓடிப்போயி, போலீஸ் ஸ்டேஷனாண்ட கீற லோகநாதன் அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துர்றேன். அந்தம்மா எம்மூஞ்சில முழிக்க மாட்டேன்னிச்சி."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.