ஏழாம் எண் கணினிக்கு ஒரு பொட்டலம்

கடைசிக் காட்சியில் எருமை ஆற்றைக் கடந்துவிட்டது. கினாசி 'சேமி' பொத்தானை அழுத்தினாள்.

'இடம் இல்லை' என்றது கணினி.

இந்தோனேசியாவின் வோனோசோபோ ஊர்ப் பள்ளியில் கினாசியும் தெகரும் படிக்கும் ஆறாம் வகுப்பின் பிள்ளைகள் ஒரு மாதமாக வரைந்த கார்ட்டூன் படம் அது. பதினொரு மணிக்குள் போட்டிக்கு அனுப்ப வேண்டும். மணி இப்போதே பத்தே கால்.

"மூணு கேமையும் நீக்கிட்டேன். என் படகுப் பந்தயத்தைக்கூட விட்டு வைக்கல!" என்றான் தெகர். "இன்னமும் இடம் இல்லையாம். பேசாம ஒண்ணாம் வகுப்புப் பசங்க வரைஞ்சதை அழிச்சிடு. எல்லாம் வட்டமும் கோடும்தானே?"

"உன் எருமையும் வட்டமாத்தான் இருக்கு. சும்மா இரு."

எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கினாசி பார்த்தாள். மென்பொருள்களை நிறுவுவதற்காக இணையத்திலிருந்து இறக்கிய பொட்டலங்கள்தான் முதலிடத்தில் இருந்தன. தெகர் நீக்கிய விளையாட்டுகளின் பொட்டலங்களும் அங்கேயே கிடந்தன.

"குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்க. மூட்டை முடிச்சு இங்கேயே கிடக்கு."

"அப்ப மொத்தமா அழி!"

விசைப்பலகைக்குப் போன கினாசியின் விரல் நின்றது. அந்தப் பள்ளியில் இணையம் ஊர்ந்துதான் வரும். அதனால் கணினி ஆசிரியர் ஹெந்த்ரோ, பிள்ளைகள் மரியாதையாக 'பாக்' (ஐயா) என்று அழைப்பவர், எல்லாவற்றையும் இந்தக் கணினியில் ஒருமுறை இறக்கி, இங்கிருந்துதான் மற்றக் கணினிகளுக்குக் கொண்டுபோவார்.

அவள் அடுத்த அறைக்கு ஓடினாள். "பாக் ஹெந்த்ரோ! எல்லாக் கணினிக்கும் புது மென்பொருள் போட்டாச்சா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஏழாம் நம்பருக்கு வரையுற மென்பொருள் இன்னும் போடலம்மா. ஒண்ணாம் வகுப்புக்குன்னு வச்சிருக்கேன்."

"மறுபடியும் வட்டமும் கோடுமா!" என்று பின்னாலேயே ஓடி வந்த தெகர் முனகினான்.

கினாசி திரும்பி வந்து அந்த ஒரு பொட்டலத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்தாள். பிறகு இறக்கி வைத்த பொட்டலங்களை மொத்தமாக அழிக்கும் கட்டளையை, sudo apt clean என்று தட்டினாள். கூடவே வந்த பாக் ஹெந்த்ரோ கடவுச்சொல்லைப் போட்டார். கண் இமைப்பதற்குள் நான்கு ஜிபி காலியானது.

படம் சேமிக்கப்பட்டது. மணி பத்தரை.

"படத்துக் கடைசியில பேர் போடுற இடத்துல என்னை ஏன் விட்டுட்ட?" என்றான் தெகர். "நானும்தானே வேலை செஞ்சேன்!"

கினாசி தட்டினாள்: 'அழித்தவர்: தெகர்.'

"ஏய்!"

அவள் சிரித்துக்கொண்டே அதைத் திருத்தினாள்: 'படத்துக்காகத் தன் மூன்று விளையாட்டுகளை அழித்தவர்: தெகர்.'

தெகர் அதை இரண்டு தடவை படித்தான்.

"சரி, அனுப்பு" என்றான். "அதுக்கு முன்னாடி, எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கு."