காணாமல் போன நிக்கல்

தொசிந்தா ஒரு வாளி மட்டிச் சிப்பியை மேசைமேல் வைத்த வேகத்தில் சபேலாவின் காப்பிக் கோப்பை ஒரு சாண் தள்ளிப் போனது.

"தின்னு பாருங்க மேடம். எண்ணெய் வாடை அடிச்சா என் பேரை மாத்திக்கிறேன்."

"பச்சையாவா?" என்றார் லினோ. மீன் ஏலக் களத்தில் முப்பது வருஷம் விலை கூவியவர். இப்போது சபேலாவுக்கு வண்டி ஓட்டுகிறார். யாரும் கேட்காமலே துப்பும் துலக்குகிறார். சபேலாவுக்கோ ஆய்வறிக்கைகளில் ஓட்டை தேடுவதுதான் தொழில்.

தொசிந்தா கசங்கிய ஆய்வகக் காகிதத்தை நீட்டினாள். அவளுடைய மட்டியில் வெனேடியம் மற்றவர்களுடையதைப்போல் எட்டு மடங்கு. கடலில் கப்பல் எண்ணெய் கலந்தால் ஏறும் உலோகம் அது.

"மட்டி வளர்க்கிற மிதவைக்கு சீல் வச்சுட்டாங்க. நாளைக்குக் காலைல நாப்பது டன்னையும் கயித்தோட அறுத்துக் குப்பைல கொட்டணுமாம். எல்லாம் அந்த ரோகே பண்ண வேலை. பழைய கப்பலை உடைச்சு அடித்தொட்டி எண்ணெயைக் கடல்ல விட்டுட்டான். துறையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

லினோ துள்ளினார். "நான் அப்பவே நினைச்சேன். ஆளோட மீசையே சரியில்ல."

சபேலா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிக்கல் ஏறவே இல்லையே. கப்பல் எண்ணெய்னா வெனேடியமும் நிக்கலும் புருஷன் பொண்டாட்டி மாதிரி, சேர்ந்துதான் வரும். இங்க புருஷன் மட்டும் வந்திருக்கான்."

"வீட்ல சண்டையா இருக்கும்."

"இல்ல லினோ. இவன் வேற வீட்டுக்காரன். வண்டிய எடுங்க."

தொசிந்தாவும் வாளியோடு வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆய்வகத்தில் அந்தியா என்ற பெண் விறைப்பாக நின்றாள்; சோதித்தது அவள்தான்.

"தப்பே இல்ல. மட்டிப் பொடிய அமிலத்துல போட்டு, மீயொலியால உலுக்கி உலோகத்தப் பிரிச்சோம். கூடவே மட்டி போடாத வெறும் அமிலமும் வச்சோம். அது சுத்தமா இருந்துச்சு. அழுக்கு எங்ககிட்டேருந்து வரல."

லினோ அறையை நோட்டம் விட்டார். தண்ணீர்த் தொட்டி ஒன்று. அதில் குழாய்கள் சொருக ஒரு தட்டு. பக்கத்தில், தாங்கியில் தொங்கும் ஒரு சாம்பல்நிறக் கம்பி. ஏலக்காரரின் கண் கூடையைக் கண்டதும் எண்ணிவிடும்.

"அன்னிக்கு எத்தனை மிதவைம்மா?"

"ஆறு."

"வெறும் அமிலம் ஒண்ணு. ஆக ஏழு குழாய். தட்டுல ஓட்டை ஆறுதான் இருக்கு."

சபேலா முதல்முறையாக லினோவைப் பெருமையோடு பார்த்தார். "ஏழாவது எங்க போச்சு, அந்தியா?"

"கம்பியில..." அவள் குரல் தாழ்ந்தது. "கடைசியா வந்தது தொசிந்தாவோடது. அன்னிக்கு ஊர்த் திருவிழா, சீக்கிரம் முடிக்கணும்னு கம்பியக் குழாய்க்குள்ள விட்டு உலுக்கிட்டேன். அதுவும் மீயொலிதானே? குறிப்பேட்டுல ரெண்டுக்கும் ஒரே பேருதான் எழுதுவோம்."

"தொட்டியில ஒலி தண்ணி வழியா, குழாய்க்கு வெளியிலேருந்து வருது. கம்பி அமிலத்துக்குள்ளயே முங்குது." சபேலா கம்பியின் நுனியில் பூதக்கண்ணாடியை வைத்தார். பூச்சி அரித்த கொய்யாபோல் குழி குழியாக இருந்தது. "இது டைட்டானியக் கலவை. நூத்துக்கு நாலு பங்கு வெனேடியம். நிக்கல் சேர்க்கிறதில்ல. தேய்ஞ்சு உதிர்ந்திருக்கு. உங்க வெறும் அமிலம் தொட்டியில சுகமாக் குளிச்சுது. கம்பிய அது தொடவே இல்ல."

"சொன்னா, சீல் வச்ச அதிகாரி நம்பணுமே," என்றாள் தொசிந்தா.

சபேலா அங்கேயே சோதிக்கச் சொன்னார். இரண்டு குழாய்களில் வெறும் அமிலம். ஒன்று தொட்டியில், ஒன்று கம்பியில். லினோ அளவுக் கருவியின் திரையைப் பார்த்தார். முதல் குழாய்: வெனேடியம் இல்லை. இரண்டாவது: எகிறியது. மட்டியே காணாத அமிலத்தில் மட்டியின் குற்றம். பிறகு தொசிந்தாவின் மிச்சப் பொடியைத் தொட்டியில் உலுக்கினார்கள். மற்ற ஐந்து மிதவைகளின் அளவுதான் வந்தது.

அந்தியாவே தொலைபேசியை எடுத்து அதிகாரியிடம் தன் தவறைச் சொன்னாள். நாளைய அறுப்பு நின்றது, சீலும் உடைபடும்.

திரும்பும் வழியில் தொசிந்தா முன்னிருக்கையை எட்டித் தட்டினாள். "லினோ, வண்டியத் துறைக்கு விடுங்க. இந்த வாளி ரோகேக்கு."

"நான் கொண்டுபோய்க் குடுத்துடவா? உங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

"திட்டினது என் வாய்தானே. அதுவே போய் மன்னிப்பு கேட்கட்டும்." வாளியை மடியில் இறுக்கிக்கொண்டாள். "ஆனா மீசையப் பத்தி நீங்க சொன்னதையும் அவன்கிட்ட சொல்லிடுவேன்."