கடைசியாக வந்த எண்

அக்காவின் நாடி எண்பத்தெட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. காலையில் அலுவலகம் வந்து கணினியைத் திறந்தபோது எண்பத்தெட்டு. மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோதும் அதே எண்பத்தெட்டு. அதற்குக் கீழ் வரியில் அப்பாவுக்கு எழுபத்து நான்கு. அதுவும் அசையவில்லை. உயிருள்ள மனுஷியின் நாடி படியேறினால் கூடும், உட்கார்ந்தால் குறையும், தம்பியை நினைத்தால் தாறுமாறாக ஓடும். அக்காவுக்குத் தம்பி மேல் எரிச்சல் வராத நாள் கிடையாது.

‘இன்னிக்கு அமைதியா இருக்கா போல’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான் தம்பி. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. குளிர்சாதனக் காற்றில் ஈரக் காலுறைகளின் வாடை சுற்றிச் சுற்றி வந்தது.

அவன் நிரல் எழுதுபவன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, நாடியையும் மூச்சையும் அவர்கள் வீட்டாரின் கைபேசிக்கு அனுப்பும் நிறுவனம் அது. பட்டையிலிருந்து வரும் எண்களை வாங்கி, ஒழுங்குபடுத்தி, கைபேசிக்கு அனுப்பி வைக்கும் பகுதி அவன் பொறுப்பு. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கு ஒரு பட்டை இலவசமாகக் கிடைத்தது. சோதனைக்கு இருக்கட்டும் என்று அக்கா கையிலும் ஒன்றை மாட்டிவிட்டிருந்தான்.

சில நேரம் பட்டையிலிருந்து எண் வராது. பட்டை நழுவியிருக்கும், மின்கலம் தீர்ந்திருக்கும், அல்லது அளப்பதற்கு நாடியே இருக்காது. எது என்று பட்டைக்குத் தெரியாது. கணினி மொழியில் வெறுமையைக் குறிக்கும் ‘நல்’ (null) என்ற சொல்லை மட்டும் அனுப்பும். அது பூஜ்யம் அல்ல. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று பொருள். ‘நல்’ என்றால் சொல்வதற்கே எதுவும் இல்லை. அப்படி வரும்போது கைபேசித் திரையில் காலி இடம் தெரியும், அபாய மணி அடிக்கும், வீட்டார் அலறிப் புடைத்துக்கொண்டு நிறுவனத்தைக் கூப்பிடுவார்கள்.

“காலியா காட்டினா ஜனங்க பயப்படறாங்கப்பா. நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. காலிங்கறது யார் கண்ணுலயும் படக் கூடாது” என்றார் மேலாளர்.

‘அளவு வரவில்லை, கடைசியாக வந்தது இத்தனை மணிக்கு’ என்று காட்டியிருக்கலாம். அதுதான் முறை என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பல இடங்களில் கை வைக்க வேண்டும். அவனோ ஒரே வரியில் வேலையை முடித்தான்: எண் வராவிட்டால், கடைசியாக வந்த எண்ணையே காட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி எல்லாக் காலியும் மறைந்தது. மணி அடிப்பது நின்றது. மேலாளர் முதுகில் தட்டினார், சக ஊழியர்கள் கேக் வெட்டினார்கள்.

போன வாரம் வெட்டிய அந்தக் கேக்கின் ருசி இப்போது நாக்கில் கசந்தது. அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான்.

“அப்பா இப்பதான் பால் குடிச்சிட்டுத் தூங்குறார்டா” என்றாள் அக்கா. ஒரு சின்ன இருமல். “நீ வேலையைப் பாரு.”

உயிர் திரும்பியது போலிருந்தது. ஆனாலும் சற்று நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான்.

“அப்பா இப்பதான் பால் குடிச்சிட்டுத் தூங்குறார்டா.” அதே இடத்தில் அதே இருமல். “நீ வேலையைப் பாரு.”

“அக்கா, இதையேதான் அப்பவும் சொன்னே.”

“அப்பா இப்பதான் பால் குடிச்சிட்டுத் தூங்குறார்டா.”

“அக்கா, நான் யாரு? சொல்லு.”

இருமல். “நீ வேலையைப் பாரு.”

இணைப்பைத் துண்டித்தான். தான் எழுதிய வரி எண்களை மாற்றுவதற்கு முன், பட்டைகள் உண்மையில் என்ன அனுப்பின என்று திறந்து பார்த்தான். அக்கா: நல். நல். நல். அப்பா: நல். நல். காலையில் அவன் வீட்டை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலிருந்து இருவரிடமிருந்தும் ஓர் எண்கூட வரவில்லை. கிளம்பும்போது அக்கா உள்ளேயிருந்து கத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: “குளிர் தாங்கலடா, அப்பா ரூம்ல சட்டியில கரி மூட்டி வெச்சிருக்கேன்.” மூடிய அறையில் கரி எரிந்தால் நச்சு வாயு சேரும் என்பது அவனுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்து வை என்று சொல்ல வாயெடுத்தான். செருப்பு மாட்டும் அவசரத்தில் அதை விழுங்கிவிட்டிருந்தான்.

அவன் வீடு போய்ச் சேர்ந்தபோது மழை மேகத்தில் பொழுது சீக்கிரமே இருண்டிருந்தது. மாடிப்படியில் சுவரெல்லாம் ஈரம் கசிந்து, பழைய சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. அவன் கதவைத் தட்டவில்லை. தட்டுவதற்கு முன்பே அது திறந்தது.

அக்கா நின்றிருந்தாள். நீலச் சேலை, தூக்கிச் செருகிய முந்தானை, கையில் பால் தம்ளர். பெரும்பாரம் இறங்கியது போல அவனுக்கு அழுகை வந்தது. அவள் கையைப் பிடித்தான்.

சில்லென்று இருந்தது. தம்ளரும்.

“அப்பா இப்பதான் பால் குடிச்சிட்டுத் தூங்குறார்டா.”

அவளைத் தாண்டி உள்ளே போனான். அறையில் புழுக்கம். ஜன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. சட்டியில் கரி எப்போதோ ஆறிச் சாம்பலாகியிருந்தது. கட்டிலில் அப்பாவின் மார்பு ஏறி இறங்கியது, மின்விசிறி போல ஒரே சீராக. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரையில் ஒருத்தி குப்புறக் கிடந்தாள். நீலச் சேலை. ஒரு கை ஜன்னலை நோக்கி நீண்டிருந்தது.

தரையில் கிடந்தவள் கையில் பட்டை. திரும்பிப் பார்த்தான். வாசற்படியில் நின்றவள் கையிலும் பட்டை.

இருமல். “நீ வேலையைப் பாரு.”

கிடந்தவளைப் புரட்டினான். கட்டைபோல் விறைத்திருந்தாள். கன்னத்தில் தரையின் கோடு பதிந்திருந்தது. அவன் அக்காதான். அப்படியானால் பின்னால் நின்று பேசுவது?

அதுவும் அவளேதான். கடைசியாக வந்த அவள். இல்லாத இடத்தில் அவன் எடுத்து வைத்த அவள். கட்டிலில் மூச்சுவிடும் அப்பாவும் அப்படித்தான்.

பாசமெல்லாம் பறந்துவிட்டது. பயம் மட்டுமே மிஞ்சியது. அந்த உருவம் போக வேண்டும். அந்த இருமல் நிற்க வேண்டும். பையிலிருந்து மடிக்கணினியை உருவினான். அந்த ஒரு வரி. அழித்தான். மாற்றத்தை நிறுவனக் கணினியில் ஏற்றினான்.

திரையில் பெயர்களின் பக்கத்தில் எண்கள் அணையத் தொடங்கின. அக்கா, அப்பா மட்டுமில்லை. மேலிருந்து கீழாக ஒன்று, இன்னொன்று, ஒரு பக்கம் முழுக்க. இத்தனை பேரா?

“அப்பா இப்பதான் பால் குடி...”

குரல் அறுந்தது.

அவன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். அது போகவில்லை. தம்ளரைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. இருட்டு இல்லை, குழி இல்லை, தோலும் இல்லை. பார்வை அங்கே போய் நிற்க இடமில்லாமல் வழுக்கியது.

கைபேசி அலறியது. வாடிக்கையாளர்களின் அவசர அழைப்பு அன்று அவனுக்குத்தான் வரும்.

“சார், எங்க அம்மா சார்.” ஒரு பெண் மூச்சு வாங்கினாள். “ஒரு வாரமா ஒரே பேச்சைத்தான் பேசிட்டிருந்தாங்க. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம். இப்ப பேச்சும் இல்ல. முகமும்... முகம் இல்ல சார். பாப்பாவை மடியில வெச்சிருக்காங்க. குடுக்க மாட்டேங்கிறாங்க. என்னமோ மாத்திட்டீங்க நீங்க. பழையபடி ஆக்கிடுங்க சார், உங்க கால்ல விழறேன்.”

அழித்த வரியைத் திரும்ப எழுதினான். எண் வராவிட்டால், கடைசியாக வந்ததையே காட்டு. ஏற்றினான். காத்திருந்தான்.

எதுவும் திரும்பவில்லை. ஏன் என்பது அவனுக்கு உடனே விளங்கியது. வரி இல்லாத அந்தச் சில நொடிகளில் வந்த காலியை, கடைசியாக வந்தது என்று கணினி வாங்கி வைத்துக்கொண்டுவிட்டது. இனி எடுத்துக் காட்ட அதனிடம் வேறொன்றும் கிடையாது. எத்தனை முறை கேட்டாலும் அதையே கொடுக்கும்.

“சார், பாப்பா அழறதையும் நிறுத்திட்டா சார்.”

கைபேசி அவன் கையை விட்டு நழுவியது. தம்ளர் தரையில் விழுந்து உருண்டது. நீலச் சேலை சரசரத்து நெருங்கியது. குளிர்ந்த விரல்கள் அவன் நெற்றியில் படிந்து கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகத் தடவித் தேடின, இவற்றையெல்லாம் தன் முகத்தில் எங்கே வைத்துக்கொள்வது என்று பார்ப்பதுபோல.

அவனால் கத்த முடியவில்லை. வாயை அது பிடித்திருந்தது.

அதன் தோளுக்குப் பின்னால், இரண்டு வருஷமாக எழுந்திராத அப்பா கட்டிலில் உட்கார்ந்து, முகமில்லாத தலையை இந்தப் பக்கம் திருப்பி, ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.