லட்சுமணனின் பதினாறாம் நாள்

மத்தியானம் மூன்று மணிக்கு நானும் பெனிட்டோவும் விம்கோ நகர் ஸ்டேஷனில் இறங்கினோம். கல்லூரிக்கு மட்டம். என் கையில் வாழை இலை, பீஃப் பிரியாணி, ஒரு குவார்ட்டர். பெனிட்டோவின் பையில் போதைக்குப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையும் ஊசியும். லட்சுமணனின் உயிரைக் குடித்த அதே மாத்திரை.

செத்தவனுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்பது பெனிட்டோவின் யோசனை. எனக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வாய் எனக்கு எந்நாளும் இருந்ததில்லை.

காலையில் வியாசர்பாடியில் லட்சுமணனின் அம்மா யசோதரா எங்களைக் காரியத்துக்குள் விடவில்லை. ஹவுசிங் போர்டு படிக்கட்டில் வழிமறித்து, "எம்புள்ளகூட யார்ரா இருந்தது?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று தலையாட்டினோம்.

இருந்தது நாங்கள்தான். விம்கோ நகரில் மூடிக்கிடக்கும் பழைய தொழிற்சாலையின் பாய்லர் அறையில் ஊசி போட்டதும் அவன் சரிந்தான். "எந்திரி மாமு, நடிக்காத" என்று கன்னத்தில் மாறி மாறி அறைந்தேன். எழவில்லை. கேஸானால் எல்லார் படிப்பும் போகும், விட்டுவிட்டு வா அறிவு என்றான் பெனிட்டோ. சுவரோரம் சாய்த்துவிட்டு ஓடினோம். மறுநாள் வாட்ச்மேன் பார்த்தபோது அவன் கதவருகே கிடந்தானாம். அதைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறக்கவே இல்லை.

அதே அறையில்தான் இலை போட்டோம். துருவும் பழைய எண்ணெயும் சேர்ந்து நாறின. வெளியே அத்தனை வெயில். உள்ளே தரை சில்லென்று இருந்தது. எங்கள் வழக்கப்படி, படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

பெனிட்டோவால் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. இரண்டு நாளாக மாத்திரை இல்லாமல் மூக்கு ஒழுகியது, கொட்டாவியாக வந்தது.

"செத்தவனா வந்து போட்டுக்கப் போறான்? வேஸ்ட்டா போவுது மாமு."

கையைப் பிடித்தேன். உதறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கதவில் காதை வைத்தேன்.

பிறகு, பளார்.

இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை.

கதவை உதைத்துத் திறந்தேன். பெனிட்டோ சுவரோரம் சாய்ந்திருந்தான். ஊசி கையிலேயே குத்தி நின்றது. எதிரே யாரும் இல்லை. ஆனால் அவன் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி விழுந்தது. ஒவ்வொரு அறைக்கும் கன்னத்தில் ஐந்து விரல் சிவந்து எழும்பியது. ஒரு பல் என் செருப்பருகே வந்து விழுந்தது. அவன் தலையை ஏதோ பற்றி இரும்புச் சட்டத்தில் மோதியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது.

ரத்தம் வழிந்த வாய் அசைந்தது. குரல் பெனிட்டோவுடையது இல்லை.

"எந்திரி மாமு. நடிக்காத."

நான் அலறினேன்.

"காது கேட்டுகினுதான் இருந்துச்சு, அறிவு. கதவு வரைக்கும் வந்தேன்."

என் காதோடு ஓர் அறை விழுந்தது. தரையில் உருண்டேன். பெனிட்டோவின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது, அன்றைக்கு லட்சுமணனுக்குப் பாய்ந்த மாதிரியே. இவனையும் விட்டுவிட்டு ஓடலாம். கால் கதவுப் பக்கம்தான் இழுத்தது. என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும், அந்த நிமிஷத்திலும் படிப்புதான் நினைவுக்கு வந்தது.

நூற்றெட்டை அழைத்தேன். இடம், பெயர், போட்ட மாத்திரை எல்லாம் சொன்னேன். கேட்காமலேயே, பதினாறு நாள் முன்னால் இங்கே லட்சுமணனை விட்டுவிட்டு ஓடியதும் நாங்கள்தான் என்றேன்.

அறைவது நின்றது.

பெனிட்டோ பிழைத்துக்கொள்வான், தாடை மட்டும் உடைந்திருக்கிறது என்று அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாசலில் உட்கார்ந்து அழுதேன். ஆம்புலன்ஸ் டிரைவர் சிலுவைமுத்து அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்போது அவர் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அதே பாய்லர் ரூம்ல இன்னொரு பையனாமே தம்பி. அவனே கூப்பிட்டிருக்கான். வியாசர்பாடியாம், பேரு லட்சுமணனாம்."

அவர் கையைப் பிடித்தேன். போகாதீங்கண்ணா, அவன் செத்துப் பதினாறு நாளாச்சு என்றேன்.

அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

"இன்னும் மூச்சு இருக்குங்கறானே. எப்படிப் போகாம இருக்கறது?"