மூச்சைப் பிடி

மகளின் வாய் நாறியது. காலையில் பல் தேய்க்காத நாற்றம் இல்லை. பூச்சாடியில் பத்து நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. தலை பின்னக் குனிந்தபோதெல்லாம் அது முகத்தில் வந்து மோதியது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகும் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு சமையலறை வரை கூடவே வந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இப்படியா நாறும்? பெற்றவளுக்கே குமட்டுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"பல்லு தேச்சியா இல்லையாடி?"

"தேச்சேம்மா." வலக் கன்னம் உப்பியிருந்தது.

"வாயில என்ன?"

"ஒண்ணுமில்ல."

இந்த ஒண்ணுமில்ல பழைய கதை. மிட்டாய், பொத்தான், ரப்பர் என்று எது கிடைத்தாலும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நாள் முழுக்கத் திரியும் பிள்ளை. அணில் என்றுதான் கணவன் கூப்பிடுவான்.

சீப்பில் முடி வந்தது. ஒன்றிரண்டு இல்லை, வலக் காதுப் பக்கமிருந்து கொத்தாக. போன வாரம் அதே பக்கம் இரண்டு பல் விழுந்தது. பால் பல்தானே என்று கையில் வாங்கியவள், அடியில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்த சதையைப் பார்த்துவிட்டு, சீ என்று உதறினாள். தினமும் காலையில் வாந்தி வேறு. வயிற்றில் பூச்சி இருக்கும் என்று மருந்து கொடுத்தாயிற்று. இன்று காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால், பழைய இரும்புக் கடை வேலைக்குப் போகாமல் கணவன் வீட்டில் இருந்துகொண்டான். அவள் வேலைக்குக் கிளம்பினாள். வாசலைத் தாண்டி நல்ல காற்று பட்டதும் மனசு லேசானது. அந்த லேசை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. அங்கே எல்லாருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் உண்டு. அது யாரையும் காப்பாற்றாது. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சில மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சோதனைக்கு அனுப்புவார்கள்.

மத்தியானம் சீஃப் ஒரு தாளோடு வந்தார்.

"ஏம்மா, கால் ஒடிஞ்சு லீவுல போனப்ப பேட்ஜை மெஷின் பக்கத்துலயே விட்டுட்டுப் போயிட்டியா? ரீடிங் எங்கேயோ நிக்குது. இதை நம்பினா நீ எந்திரிச்சு நடமாடவே முடியாது."

"ஆமா சார். மறந்துட்டேன் போல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் போன பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது.

பேட்ஜ் இந்த அறையிலேயே இல்லை. லீவில் இருந்த இரண்டு மாதமும் வீட்டில் இருந்தது. கட்டுப்போட்ட காலோடு அவள் படுத்திருக்க, மகள் அதைக் கவுன் கழுத்தில் குத்திக்கொண்டு எக்ஸ்ரே அக்காவாக விளையாடினாள். தலையணையைச் சுவரில் சாய்த்துவைத்து, அம்மா சொல்வதை அப்படியே சொன்னாள். அசையாதே. மூச்சை இழு. பிடி. விடு. வேலைக்குத் திரும்பிய அன்று அவள் அதைத் திருட்டுத்தனமாக மற்ற பேட்ஜ்களோடு சேர்த்துவிட்டாள். வீட்டில் கிடந்ததுதானே, பூஜ்யம்தான் காட்டும் என்று நினைத்தாள்.

அலமாரியில் கதிர் அளக்கும் மீட்டர் இருந்தது. கைப்பையில் போட்டுக்கொண்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தெருவில் வெயில் கொளுத்தியது. வாசலில் நின்று மீட்டரை முடுக்கினாள்.

டிக். டிக்.

கணவன் கதவைத் திறந்தான். "என்ன, இவ்வளவு சீக்கிரம்?"

"கடையிலேருந்து அவளுக்கு என்ன கொண்டாந்து குடுத்தீங்க?"

"என்னத்த குடுத்தேன்? விளையாட நட்டு, போல்ட்டு, ரெண்டு மூணு பளபளான்னு இருந்த துண்டு. ஏதோ மெஷினை உடைச்சப்ப வந்தது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "கழுவித்தான் குடுத்தேன்."

கூடத்து மூலையில் அந்தத் துண்டுகளைப் போட்டுவைத்த டப்பா இருந்தது. குனிந்து மீட்டரைக் காட்டினாள். சத்தம் கூடவில்லை. எழுந்து படுக்கையறைப் பக்கம் திரும்பினாள். கூடியது. ஒரு எட்டு வைத்தாள். வறுசட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி. இன்னொரு எட்டு. டிக்குகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை.

அறையில் அதே வாடை. கட்டிலில் மகள். சுவரோரம் தலையணை. மீட்டர் ஒரே கத்தலாகக் கத்தியது.

"வாயைத் திற."

"ஒண்ணுமில்லம்மா."

"திறடி."

திறந்தாள். நாற்றம் முதலில் வந்தது. வலப்பக்கம் ஈறு இல்லை. கன்னத்தின் உட்புறம் வெந்த தோலாக வெளுத்து உரிந்து, பல் விழுந்த பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ கசிந்தது. அதன் நடுவே மொச்சைக்கொட்டை அளவு உலோகத் துண்டு. சதை அதைச் சுற்றி மூடத் தொடங்கியிருந்தது. அந்த வாயில் அது ஒன்றுதான் சுத்தமாக இருந்தது.

"வெள்ளிப் பல்லு," என்றாள் மகள். நாக்கால் அதைத் தடவினாள்.

"துப்பு."

"வரல. ஒட்டிக்கிச்சு."

கை நீளவில்லை. கால்கள் பின்னால் போயின. ஓர் எட்டு. இரண்டு. படம் எடுக்கும்போது கதிர் படாமல் ஒதுங்கி நிற்கும் பதினோரு வருடப் பழக்கம். முதுகு ஈயக் கதவைத் தேடியது. இங்கே ஈயக் கதவு இல்லை. வெறும் சுவர்.

மகளுக்கு இது தெரிந்த விளையாட்டு. எக்ஸ்ரே அக்கா எப்போதும் பின்னால் போவாள். சுவரோடு ஒட்டி நின்ற அம்மாவைப் பார்த்துச் சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அசையாதே. மூச்சை இழு. பிடி."

அவள் பிடித்தாள்.

மகள் வாயை அகலத் திறந்து சிரித்தாள். விடு என்று சொல்லவில்லை.