காலிக் குழாய்

ஆய்வறையில் பால் வாடை அடித்தது.

அங்கே எந்த வாடையும் இருக்கக் கூடாது. பூ, பவுடர், தலைக்கு எண்ணெய், எதற்கும் அனுமதியில்லை. வாசனை என்று ஒன்று உள்ளே வந்தால் கருவுக்கு எமன் வந்த மாதிரிதான். புதுக்கோட்டையின் அந்தக் கருத்தரிப்பு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, கல்யாணமாகாத ரஞ்சிதா ஒரு முழம் மல்லிகை வைத்ததில்லை. ஆனாலும் காலையில் நைட்ரஜன் டேங்கின் மூடியைத் திறந்து, வெண்புகைக்குள்ளிருந்து உண்ணாமலையின் கடைசிக் கருவை எடுத்து வெதுவெதுப்பான திரவத்தில் உருக வைத்த நேரத்திலிருந்து, பிள்ளை பெற்றவள் ஒருத்தி பக்கத்தில் வந்து நிற்பதுபோல் அந்த வாடை முகக்கவசத்துக்குள் புகுந்து, எச்சில் விழுங்கும்போதெல்லாம் தொண்டையில் புளித்தது.

மைக்ரோஸ்கோப்பில் கரு சுருங்கிக் கிடந்தது. உறைந்தது உருகினால் அப்படித்தான் கிடக்கும். நேரம் கொடுத்தால் மெல்ல விரியும். அது வெளியே வர வசதியாக, அதைச் சுற்றியிருந்த மெல்லிய ஓட்டில் லேசரால் ஒரு திறப்புப் போட்டாள். எப்போதும் செய்கிற வேலைதான். போட்ட நொடியே கரு முழுதாக விரிந்து, திறப்பின் பக்கம் திரும்பியது. ரஞ்சிதாவுக்குப் பயமாக இருந்தது. யாரிடம் சொல்வது? திருமயத்திலிருந்து வந்து அடுத்த அறையில் படுத்திருக்கும் உண்ணாமலைக்கு இதை விட்டால் வேறு கரு கிடையாது.

மெல்லிய குழாயில் அதை உறிஞ்சி, நடு ஜன்னல் வழியாக அடுத்த அறையிலிருந்த டாக்டர் கலைமதியிடம் நீட்டினாள். ஸ்கேன் திரையில், கருப்பைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. குழாய் திரும்பி வந்தது. அதில் எதுவும் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லையே என்று டிஷ்ஷில் கழுவிப் பார்ப்பது அவள் பொறுப்பு.

கரு அதிலேயே இருந்தது.

"திரும்பி வந்துருச்சு மேடம்."

"கவனம் எங்க இருக்கு ஒனக்கு? மறுபடி ஏத்து."

ஏற்றினாள். திரையில் இரண்டாவது புள்ளி விழுந்தது. முதல் புள்ளி நகர்ந்து இடம் விட்டது.

குழாய் வந்தது. கழுவினாள்.

இருந்தது. முன்னைவிடப் பெரிதாக.

"எத்தனை உருக்குன?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுதான் மேடம்."

"பொய் சொல்லாத. உள்ள ரெண்டு தெரியுது."

உண்ணாமலை விசும்பினாள். "போதும்ங்க... ஒதைக்குதுங்க."

உள்ளே வைத்த டாக்டர் இன்னும் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் உதைக்கிறதாம்.

"குழாய் காலியா, இல்லையா? சொல்லித் தொலை!"

காலியில்லை என்றால் மூன்றாவது முறையும் அந்தப் பெண்ணுக்குள் போகும். காலி என்றால் இங்கேயே இருக்கும். தன்னோடு. ரஞ்சிதா மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தாள். ஓடு தனியாகக் கிடந்தது. அது வெளியே வந்திருந்தது. அவளைப் பார்த்தது. கண் முளைக்காத வயது. பார்த்தது.

"காலி மேடம்."

சொல்லிவிட்டு மறுபடி பார்த்தாள். வெறும் ஓடு. டிஷ்ஷை நகர்த்தித் தேடினாள். இல்லை. ஓரத்தில்? இல்லை.

நிஜமாகவே காலி.

பால் வாடை குப்பென்று எழுந்தது. மார்பு கனத்தது. ரஞ்சிதா தலையைத் தாழ்த்தினாள்.

பச்சைக் கவுனில் இரண்டு ஈர வட்டங்கள். வெதுவெதுப்பாக. பரவிக்கொண்டிருந்தன.