நவம்பர்க்காரிகள்

மூன்றாவது முறையாக இடது காலுறை மட்டும் அறுந்திருந்தது. வலது காலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. இடது கணுக்காலைச் சுற்றி மட்டும், கத்தரித்தது போல இல்லாமல், நாள்பட எதிலோ உரசித் தேய்ந்தது போல, கம்பளி இழை வட்டமாக இற்றுத் தொங்கியது. ஊரில் எல்லோரும் லேபா என்று கூப்பிடும் லெபோசவா அதை மூக்கருகே கொண்டுபோனாள். துரு வாடை. அன்று காலையில்தான் புதுசாகப் பிரித்துப் போட்ட காலுறை அது.

செருப்புதான் கடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நின்றுகொண்டே இருப்பவளுக்குச் செருப்பு கடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அவள் போட்டிருந்தது கணுக்காலை எட்டாத ரப்பர் செருப்பு. அதை நினைக்காமல் இருக்க முயன்றாள்.

அவளுடைய அக்கா விதோசாவாவைப் புதைத்து நாலு வாரம் ஆகியிருந்தது. உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் எடுக்க நிலவறைக்கு இறங்கியவள், உளுத்த படி முறிந்து, கழுத்தொடிந்து கிடந்தாள். இரண்டு பேருக்கும் ஏழு வயது வித்தியாசம். ஆனால் இரண்டு பேருமே நவம்பர். அவர்கள் ஊர் இருக்கும் திமோக் ஆற்றுப் பக்கம் ஒரே மாதத்தில் பிறந்த உடன்பிறப்புகளுக்கு ஆயுளும் ஒன்றுதான் என்பார்கள். ஒருவர் போனால், வருடம் திரும்புவதற்குள் மற்றவரையும் இழுத்துக்கொள்வாராம். அதற்குப் பரிகாரமும் உண்டு. செத்தவர் காலையும் இருப்பவர் காலையும் குதிரைக்குப் போடும் இரும்புத் தளையால் சேர்த்துப் பூட்டுவார்கள். வேறு மாதத்தில் பிறந்த ஒருவர் சாவியோடு வெளியிலிருந்து வருவார். கடவுள் பேரால் எனக்கு உடன்பிறப்பாகி என்னை அவிழ்த்துவிடு என்று பூட்டப்பட்டவர் மூன்று முறை கேட்க வேண்டும். வந்தவர் சரியென்று திறந்துவிட்டால் பழைய உறவு அந்த இடத்திலேயே அறுந்து, திறந்தவரோடு புது உறவு தொடங்கும்.

வியன்னாவில் கட்டட வேலை பார்க்கும் லேபாவின் கணவன் இதைக் கேட்டுத் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தான். லேபாவுக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் சவப்பெட்டியின் அருகே உட்கார்ந்து காலை நீட்டினாள். அக்காவின் கால் பட்டபோது குளிர் தொடை வரை ஏறியது. சாவியோடு வந்தவள் பக்கத்து வீட்டு ஸோர்கா. ஐம்பத்தொன்பது வயது, விதவை, நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல். புதைகுழி வெட்டும் பிளாகோயேதான் தளைக்கும் பொறுப்பு; அவன் முறைப்படி அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். ஜனவரி ஆறு. தலையாட்டினான். ஸோர்கா பூட்டைத் திறந்து லேபாவை மூன்று முறை முத்தமிட்டு, ஒரு வாய் பிளம் சாராயமும் ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக நடந்தது. சந்தை முனையில் ரொட்டி வண்டி அவள் கோட்டின் இடது பக்கத்தை உரசிக்கொண்டு போனது. சமையலறையில் நூறு பிள்ளைகளுக்கான பீன்ஸ் கொப்பரை சரிந்து, கொதிக்கிற குழம்பு அவள் இடது பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி ஓடியது. இரண்டு முறையும் அவள் விலகத்தான் பார்த்தாள். கால் வரவில்லை. யாரோ கீழே பிடித்துக்கொண்டிருந்த மாதிரி அது நின்ற இடத்திலேயே நின்றது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் இருபத்தொன்றாம் தேதி ஸோர்கா காப்பிக்குக் கூப்பிட்டாள். மேசையில் வாதுமைக் கேக், அதன் நடுவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி.

"என்னக்கா விசேஷம்?"

"பொறந்தநாளுடி. ஊருக்குச் சொல்றதில்ல. எங்கம்மாவுக்காக வருஷாவருஷம் ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன். இப்போ நீ கூடப் பொறந்தவ ஆயிட்டியே, ஒனக்கு ஒரு துண்டு தராம எப்படி?"

"ஒனக்கு ஜனவரி இல்ல?"

"அது காகிதத்துல. வருஷக் கடைசியில பொறந்த பொண்ணுக்கு ஒரு வயசு வீணாப் போகுதேன்னு எங்கப்பன் புதுவருஷம் கழிச்சுத்தான் போயி எழுதினான். கல்யாணச் சந்தையில ஒரு வயசு கம்மியா இருந்தா…"

அங்கேயே நிறுத்திவிட்டாள். கத்தி கேக்கின் பாதியில் நின்றது. அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்பன் எழுதிய தேதிதான் பிறந்த தேதி. பள்ளிக்கூடம், கல்யாணம், ஓய்வூதியம் என்று ஐம்பத்தொன்பது வருடம் அதை வைத்தே வாழ்ந்தவளுக்கு, அட்டையை நீட்டிய அந்த நேரத்தில் நிஜத் தேதி நினைவுக்கு வரவில்லை. லேபாவுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. மெழுகுவர்த்தி உருகி முடியும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சேர்ந்து போய்க் கேட்டபோது பிளாகோயே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவிழவில்லை, இன்னொரு நவம்பர்க்காரியும் அதே இழுப்பில் மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான் என்றான். விதோசாவா மண்ணுக்குள் போய்விட்டாள். அவளோடு மறுபடி பூட்ட முடியாது. ஆனால் இவர்கள் இரண்டு பேரில் யார் முதலில் போகிறாளோ, அவளோடு மற்றவளைப் பூட்டி, சரியான ஆள் வந்து திறந்தால் இருக்கிறவள் தப்புவாள். தளையை அவர்களிடமே கொடுத்துவிட்டான். தேவாலயப் பதிவேட்டையே புரட்டிப் பார்த்து, மே மாதத்தில் பிறந்த பெத்ரியா என்ற தபால்காரியிடம் சாவியை ஒப்படைத்தார்கள். தளையை ஸோர்கா தன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள்.

"யாரு முந்துறான்னு பாப்போம். நான்தான் மூத்தவ, ஒனக்கு வாய்ப்பு ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தாள்.

லேபாவும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து காப்பி குடிக்கும்போதெல்லாம் ஸோர்கா மாடிப்படி ஏறினால் எத்தனை படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறாள் என்று அவள் காது தானாகக் கேட்டது. அவளுக்கே அது அருவருப்பாக இருந்தது. ஸோர்கா மட்டும் லேசுப்பட்டவளா? ஏணி ஆடும் என்று தெரிந்தே, பரணில் ஒட்டடை அடித்துத் தரச் சொன்னாள். லேபா இடுப்பு வலி என்று மழுப்பினாள். ஒருத்தி மேல் ஒருத்திக்கு இருந்த பிரியம் போய்விடவில்லை. அதுதான் கொடுமை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வியாழன். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு லேபா வெளியே வந்தபோது ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. நிலக்கரிப் புகை அதில் கலந்து தொண்டையில் ஒட்டியது, எதிரே வருபவரின் இருமல் மட்டும் கேட்டு ஆள் தெரியாமல் கடந்துபோனது, மின்கம்பத்தில் அக்காவின் நாற்பதாம் நாள் அறிவிப்பு, கறுப்புக் கரை கட்டி, ஈரத்தில் ஊறி, படத்தின் முகம் பாதி வழிந்துபோய்த் தொங்கியது. லேபா தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். ஸோர்காவின் வீட்டிலிருந்து காப்பி பொங்கித் தீய்ந்த வாடை வந்தது.

முன்கதவு திறந்துதான் இருந்தது. விறகு அடுப்பு இன்னும் சூடாக இருந்தது. அடுப்புக்கும் சுவரோர பெஞ்சுக்கும் நடுவில் ஸோர்கா சரிந்து உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வலது கை மடியில் துவண்டு கிடந்தது. மூச்சு கரகரவென்று வந்துகொண்டிருந்தது. கண் மட்டும் நன்றாக உயிரோடு இருந்தது.

சன்னலோரம் தொலைபேசி. நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம். லேபா ஓடிப்போய் எடுத்தாள். முதல் எண்ணை அழுத்தினாள்.

ஸோர்காவின் கண் தொலைபேசியைப் பார்த்தது. பிறகு கதவுக்குப் பின்னால் ஆணியைப் பார்த்தது. பிறகு லேபாவைப் பார்த்தது. பார்த்தபடியே இருந்தது.

லேபா தொலைபேசியைக் கீழே வைத்தாள்.

நூறு எண்ணிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று தனக்குள் சொன்னாள். நூறு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். நடுவில் தெருவில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. எழுந்துபோய் முன்கதவின் கனத்த தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஸோர்கா ஏதோ சொல்லப் பார்த்தாள். எச்சில்தான் வந்தது. லேபா அதைத் துடைத்துவிட்டாள். அழுதாள். அது உண்மையான அழுகைதான்.

"கொஞ்ச நேரம்தான்க்கா."

மூன்றரை மணிக்கு மூச்சு நின்றது. கண் மூடவில்லை. லேபா மூடிவிட்டாள். அதன் பிறகுதான் தொலைபேசியை எடுத்துப் பெத்ரியாவுக்குப் போட்டாள். போய்விட்டாள், சாவியோடு வா என்றாள். டாக்டர் வந்தாரா என்று பெத்ரியா கேட்டதற்கு, நீ சீக்கிரம் வா என்றாள்.

"சரி, பத்து நிமிஷத்துல வரேன். நீ பூட்டிக்கிட்டு உக்காரு. பூட்டுறத நான் பாக்கக் கூடாது."

தளை நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஒரு வளையத்தை ஸோர்காவின் வலது காலில் மாட்டினாள். பாதம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அது அவளைக் கலங்க வைத்தது. மற்ற வளையத்தைத் தன் இடது காலில் போட்டு அழுத்தினாள். இரும்பு வாய் கடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்தாள். நடுவில் முழ நீளச் சங்கிலி.

வெளிச்சம் குறைந்தது. அடுப்பில் கடைசிக் கட்டை சரிந்தது. கடிகாரம். சரளைக்கல்லில் காலடி. பெத்ரியாதான்.

கைப்பிடி கீழே இறங்கியது. மறுபடி இறங்கியது.

"லேபா, தாழ்ப்பாள் போட்டிருக்கே."

லேபா கதவைப் பார்த்தாள். ஆறு எட்டுத் தூரம். எழுந்து இழுத்தாள். ஸோர்கா அடுப்புக்கும் பெஞ்சுக்கும் நடுவில் செருகிக் கிடந்தாள். அசையவில்லை. லேபா குப்புற விழுந்து கையை நீட்டினாள். சங்கிலி விறைத்து நின்றது. இன்னும் நாலு எட்டு.

"எதுக்குத் தாழ்ப்பாள் போட்டே?" குரல் மாறியிருந்தது. "அவ உசிரோட இருந்தப்பவா போட்டே?"

"கடவுள் பேரால," என்று லேபா கதவைப் பார்த்துச் சொன்னாள். "கடவுள் பேரால எனக்கு உடன்பிறப்பாகி…"

பெத்ரியா கதவைத் தட்டினாள். தோளால் மோதினாள். கதவு அசையவில்லை.

"கடவுள் பேரால…"

சங்கிலி தளர்ந்தது.

அவள் இழுப்பதை நிறுத்தவில்லை. ஆனாலும் தளர்ந்துவிட்டது. பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. லேபா திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள்.

ஸோர்காவின் முழங்கால் மடங்கியிருந்தது. குதிகால் தரையில் ஊன்றியிருந்தது. துவண்ட கை அடுப்பின் விளிம்பைப் பிடித்து, சூட்டில் தோல் பொசுங்கும் வாடை வர, உடம்பை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் மூடியபடியே இருந்தது.

எழுந்து நின்றது. லேபாவின் பக்கம் திரும்பவே இல்லை. பின்கட்டுக் கதவின் பக்கம் திரும்பியது. அது பிளம் தோட்டத்துக்குப் போகும் கதவு. தோட்டத்துக்கு அப்பால் கல்லறைச் சுவர். குளிர்காலம் முழுக்கப் பூட்டியே கிடக்கும் அந்தக் கதவு இப்போது முழுசாகத் திறந்திருந்தது. பனி அடுக்களைக்குள் வந்துகொண்டிருந்தது.

ஒரு அடி வைத்தது.

சங்கிலி நீண்டது. லேபாவின் கால் தரையில் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. முன்கதவில் பெத்ரியா பெயர் சொல்லிக் கத்தித் தட்டிக்கொண்டே இருந்தாள். லேபா மேசைக்காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள்.

மேசையும் அவளோடு நகர்ந்தது.